ஓட்ஸ் பட்டர்ஸ்காட்ச் பார்: ஜூன் மாதச் சோதனைக் குறிப்புகள்

ஜூன் 3

இந்த மாதம் முழுக்க ஒரே பண்டம்தான். அமெரிக்க வீடுகளில் 'ஓட்மீல் ஸ்காட்சீஸ்' என்று பிஸ்கட்டாகச் சுடுவார்கள். அதே மாவைத் தட்டில் பரப்பிச் சுட்டுத் துண்டு போட்டால் பார். வேண்டிய பதம் இது: ஓரம் லேசாக மொறுமொறுக்க வேண்டும், நடுப்பகுதி ஜவ்வாக இருக்க வேண்டும். ஜவ்வு மிட்டாய் மாதிரி பல்லில் ஒட்டிக்கொண்டு இழுபடக் கூடாது. துண்டை வளைத்தால் வளைந்து கொடுத்து, கடித்தால் அறுபட வேண்டும். உதிர்ந்தால் கிரனோலா (உதிரியாக வறுத்த ஓட்ஸ் கலவை), பஞ்சாக இருந்தால் கேக். இரண்டும் வேண்டாம்.

அடிப்படை அளவு, 20 செ.மீ. (8 அங்குல) சதுர அலுமினியத் தட்டுக்கு:

உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம்
பிரவுன் சுகர் 200 கிராம்
முட்டை 1, கூடுதலாக ஒரு மஞ்சள் கரு
வெனிலா எசென்ஸ் 2 டீஸ்பூன்
மைதா 125 கிராம்
ஆப்ப சோடா கால் டீஸ்பூன்
உப்பு அரை டீஸ்பூன்
ரோல்டு ஓட்ஸ் 135 கிராம்
பட்டர்ஸ்காட்ச் சிப்ஸ் 120 கிராம்

வெண்ணெயை உருக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, சர்க்கரை போட்டு ஒரு நிமிடம் அடிக்கவும். முட்டை, மஞ்சள் கரு, வெனிலா சேர்த்து, கலவை பளபளப்பாகிக் கெட்டிப்படும்வரை இன்னும் ஒரு நிமிடம். மைதா, சோடா, உப்பைச் சலித்துப் போட்டு, வெள்ளை மறைந்ததும் கையை நிறுத்திவிட வேண்டும். பிறகு ஓட்ஸ், கடைசியில் சிப்ஸ். 175 டிகிரி செல்சியஸில் 24 நிமிடம்.

கப் அளவு கொடுக்காததற்குக் காரணம் உண்டு. மைதாவை டப்பாவுக்குள் கப்பை விட்டு அமுக்கி எடுத்தால் 150 கிராம் வரும், ஸ்பூனால் அள்ளிப் போட்டால் 120. அந்த 30 கிராம் கூடினாலே பார் வறண்டுபோகும்.

கடையில் கிடைக்கும் மஞ்சள் வெண்ணெய் பெரும்பாலும் உப்புப் போட்டது. அதைப் பயன்படுத்தினால் தனியாக உப்பு வேண்டாம்.

ஜூன் 5

இன்று ஓட்ஸ். நம் கடைகளில் கஞ்சிக்கென்று விற்கும் சாதாரண பாக்கெட் பெரும்பாலும் 'குயிக் ஓட்ஸ்'. தானியத்தை முதலில் நறுக்கி, பிறகு ஆவியில் காட்டி மெல்லியதாக அமுக்கியது. ரோல்டு ஓட்ஸ் முழுத் தானியமாகவே அமுக்கப்பட்டது. இதழ் பெரியது, தடிமனும் கூட. மூன்று விதமாகச் சுட்டதில்:

முழுக்கக் குயிக் ஓட்ஸ்: ஈரத்தை உடனே உறிஞ்சிவிடுகிறது. துண்டு அழகாக வருகிறது, ஆனால் கடிக்கும்போது ஓட்ஸ் இருப்பதே தெரியவில்லை. இதுதான் கைவசம் என்றால் 115 கிராமாகக் குறைக்கவும்.

முழுக்க ரோல்டு: மெல்ல நன்றாக இருக்கிறது. ஆனால் இதழ்களுக்கு நடுவே இடைவெளி விழுவதால் கத்தி பட்ட இடம் கொஞ்சம் உதிர்கிறது.

ரோல்டு 100, குயிக் 35: இதுவே சரி. பொடி இதழ் இடைவெளியை அடைக்கிறது, பெரிய இதழ் பல்லுக்கு வேலை தருகிறது.

ஸ்டீல் கட் ஓட்ஸ் (அமுக்காமல் துண்டாக நறுக்கிய தானியம்) 24 நிமிடத்தில் வேகாது. பாதி வெந்த அரிசி நொய்யைக் கடித்ததுபோல் இருக்கும். மசாலா ஓட்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கலந்த மாவை அரை மணி நேரம் மூடி வைத்துச் சுட்டால் வித்தியாசம் தெரிகிறது. ஓட்ஸ் முட்டையின் ஈரத்தையும் வெண்ணெயையும் இழுத்துக்கொள்ள அந்த நேரம் வேண்டும். உடனே சுட்ட தட்டில் ஓரமெல்லாம் எண்ணெய் கசிந்து, அடியில் விரித்த பேக்கிங் காகிதம் நனைந்திருந்தது.

ஜூன் 8

ஜவ்வுத்தன்மையை ஓட்ஸ் தருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய பங்கு சர்க்கரைக்கு. அசல் பிரவுன் சுகர் என்பது வெள்ளைச் சர்க்கரைமேல் மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்புப் பாகு) பூசியது. விரலால் அமுக்கினால் ஈர மணல்போல் பிடிபடும். அந்த மொலாசஸில் இருக்கும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆறிய பிறகு சர்க்கரை மறுபடி படிகமாக உறைவதையும் தடுக்கும். வெறும் வெள்ளைச் சர்க்கரையில் சுட்டது ஆறியதும் பிஸ்கட்போல் உடைந்தது.

இங்கே பிரவுன் சுகர் என்ற பெயரில் விற்பதில் பாதி, டெமராரா மாதிரி உலர்ந்த பெரிய பரல். உருகிய வெண்ணெயில் தண்ணீர் குறைவு என்பதால் அது கரையாது. சுட்ட பாரில் நறநறக்கும். மிக்சியில் இரண்டு சுற்று சுற்றிப் பொடித்துக்கொண்டு, முட்டை சேர்த்து அடித்தபின் பத்து நிமிடம் ஊறவிட்டால் சமாளிக்கலாம்.

நாட்டுச்சர்க்கரை? ஈரம் பிடிக்கும் வேலையை நன்றாகவே செய்கிறது. கட்டியில்லாமல் சலிக்க வேண்டும். 200 கிராமும் அதுவே என்றால் வெல்ல வாசனை மேலே ஏறி பட்டர்ஸ்காட்ச் காணாமல்போகிறது, மேல்பக்கமும் சீக்கிரம் கறுக்கிறது. 140 கிராம் நாட்டுச்சர்க்கரை, 60 கிராம் வெள்ளைச் சர்க்கரை என்று கலந்தது நாக்குக்குச் சரியாக இருந்தது.

ஜூன் 9

வெண்ணெயை உருக்காமல், சர்க்கரையோடு நுரைக்க அடித்துப் பார்த்தோம். காற்று புகுந்து உப்பிவந்தது. நல்ல கேக். பார் இல்லை. முட்டையின் முழு வெள்ளைக்கரு ஒன்று கூடினாலும் இதே கதைதான். வெள்ளைக்கரு வெந்து இறுகி, வறட்சியைத் தரும். மஞ்சள் கருவை மட்டும் கூட்டச் சொல்வது அதனால்தான். சோடாவை அரை டீஸ்பூனாக்கினால் பொங்கி எழுந்து நடுவில் பள்ளமாக விழுகிறது, பின்வாயில் சோப்பு வாடையும் நிற்கிறது.

ஜூன் 12

பட்டர்ஸ்காட்ச் பக்கம் வருவோம். நமக்கு அந்தப் பெயர் ஐஸ்கிரீமையும், அதில் பல்லில் நொறுங்கும் முந்திரிப் பரல்களையும்தான் நினைவுபடுத்தும். பெயருக்குரிய பழைய மிட்டாய் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்தது; டான்காஸ்டர் ஊரில் சாமுவேல் பார்க்கின்சன் என்பவர் 1817இல் தொடங்கிய வியாபாரம் அதைப் பிரபலமாக்கியது. கேரமல் வெள்ளைச் சர்க்கரையைக் கருக்கிப் பெறும் சுவை. பட்டர்ஸ்காட்ச், பிரவுன் சுகரும் வெண்ணெயும் சேர்ந்து கொதித்துப் பெறும் சுவை. இதில் மொலாசஸும், வெண்ணெயில் இருந்து சிவந்த பால்திடமும், உப்பும் பேசும். உப்பைக் குறைத்தால் வெறும் தித்திப்புதான் மிஞ்சும்.

கடையில் மூன்று பொருள் இந்தப் பெயரில் கிடைக்கும், மூன்றும் வேறு.

சிப்ஸ்: சர்க்கரை, தாவரக் கொழுப்பு, பால்பொடி, வாசனை. பெயரில் இருக்கும் அளவுக்குப் பொருளில் வெண்ணெய் கிடையாது. அடுப்புச் சூட்டில் இளகினாலும் உருவம் ஓரளவு நிற்கும். பாருக்கு ஏற்றது. ஆனால் தித்திப்பு அதிகம். 120 கிராமுக்கு மேல் போட வேண்டாம்.

கேக் அலங்காரத்துக்கு விற்கும் பட்டர்ஸ்காட்ச் நட்ஸ்: கருக்கிய சர்க்கரையில் முந்திரி கலந்து உடைத்தது. மாவுக்குள் போட்டால் சர்க்கரை கரைந்து ஓடி, அது இருந்த இடத்தில் பிசுபிசுத்த குழி விழும். அடியில் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். சுட்டு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது மேலே தூவினால் நிற்கிறது. மறுநாள் காற்றின் ஈரம் பட்டுக் கசியும், அன்றே தின்றுவிட வேண்டும்.

எசென்ஸ்: கால் டீஸ்பூனைத் தாண்டினால் மருந்து வாடை. பிரவுன் சுகர் நன்றாக இருந்தால் தேவையே இல்லை.

சிப்ஸ் கிடைக்காதவர்களுக்கு வீட்டுப் பாகு. வெண்ணெய் 60 கிராம், பிரவுன் சுகர் 100 கிராம், பாக்கெட் கிரீம் 80 மில்லி, உப்பு இரண்டு சிட்டிகை. அடிகனமான பாத்திரத்தில் வெண்ணெயும் சர்க்கரையும் உருகி ஒன்றானதும் கிரீமை ஊற்றி, நடுத்தரத் தீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கிரீம் விழும்போது பொங்கும், அதனால் பாத்திரம் பெரியதாக இருக்கட்டும். பதம் பார்ப்பது அதிரசப் பாகுக்குப் பார்ப்பதுபோலத்தான்: தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல், விரலால் சேர்த்தால் மெத்தென்ற உருண்டையாக வர வேண்டும். தெர்மாமீட்டரில் 112 முதல் 115 டிகிரி. கம்பிப் பதத்தில் இறக்கினால் தண்ணியாக இருந்து மாவுக்குள் ஊறிக் காணாமல்போகும், நடுப்பகுதி வேகாதது மாதிரி தோன்றும். கடலைமிட்டாய்ப் பதம்வரை விட்டால் பல் போகும்.

மாவில் மூன்றில் இரண்டு பங்கைத் தட்டில் பரப்பி, ஆறிய பாகை ஊற்றி, மிச்ச மாவைக் கிள்ளிக் கிள்ளி மேலே போடவும். தட்டின் ஓரத்திலிருந்து ஒன்றரை செ.மீ. உள்ளே தள்ளியே பாகு நிற்க வேண்டும். ஓரத்தைத் தொட்ட பாகு கருகிக் கசக்கும்.

ஜூன் 14

சிறு குறிப்பு. வெண்ணெய் சூடாக இருக்கும்போதே சிப்ஸ் போட்டால், கிளறும்போதே உருகி மாவெங்கும் மஞ்சள் கோடாக இழுபடும். கெட்டுப்போகாது, ஆனால் கடிக்கும்போது தனியாகச் சிப்ஸ் தென்படாது. கிண்ணத்தின் வெளிப்புறத்தைத் தொட்டால் சூடே தெரியக் கூடாது. ஊறவைக்கும் அந்த அரை மணி நேரம் முடிந்தபின் சிப்ஸ் சேர்ப்பது இன்னும் நல்லது.

ஜூன் 17

எப்போது எடுப்பது? மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பார் கெட்டியாகிப்போனால் பெரும்பாலும் காரணம் இதுதான். ஓ.டி.ஜி. (மேசைமேல் வைக்கும் சிறு மின் அடுப்பு) கதவின் கண்ணாடி வழியே நிமிடத்துக்கு நிமிடம் பார்த்து எழுதியது:

18வது நிமிடம்: ஓரம் ஒரு விரல் அகலத்துக்கு உப்பியிருக்கிறது. நடுவில் ஈரப் பளபளப்பு. தட்டை அசைத்தால் நடுப்பகுதி குலுங்குகிறது.

21: பளபளப்பு ஓரத்திலிருந்து உள்ளே சுருங்கி வருகிறது. நடுவில் ஒரு தோசைக்கரண்டி அகலத்துக்கு மட்டும் மினுங்குகிறது.

24: மினுக்கம் போய் மேல்பக்கம் மங்கலாகிவிட்டது. ஓரம் பொன்னிறம், நடு வெளிறியது. விரலால் தொட்டால் பள்ளம் விழுந்து மெதுவாகக்கூட மேலே வரவில்லை. பல்குச்சியில் ஈரமான துகள் ஒட்டுகிறது, பச்சை மாவு ஒட்டவில்லை. நடுவில் 87 டிகிரி. எடுக்க வேண்டிய இடம் இதுவே.

28: முழுக்கச் சீராகப் பொன்னிறம், பல்குச்சி சுத்தம். பார்க்க மிக அழகு. ஆறியதும் முறுக்குக் கெட்டி.

24இல் எடுத்தது வேகாததுபோல்தான் இருக்கும். தட்டின் சூட்டிலேயே பத்து நிமிடம் மேற்கொண்டு வேகும். ஆறும்போது நடு லேசாக இறங்கி, மேலே மெல்லிய தோல் சுருங்கி வெடித்தால் சரியாக வந்திருக்கிறது என்று பொருள். பல்குச்சி சுத்தமாக வர வேண்டும் என்பது கேக்குக்கான விதி.

அடுப்பு விஷயத்தில் சில: 15 நிமிடம் முன்சூடு, நடுத் தட்டு, மேலும் கீழும் கம்பி எரிய வேண்டும். ஓ.டி.ஜி. டயலில் 175 என்று இருந்தாலும் உள்ளே 190 இருக்கலாம். உள்ளே வைக்கும் அடுப்பு தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். விசிறி ஓடும் கன்வெக்‌ஷன் என்றால் 160. கறுப்பு நான்ஸ்டிக் தட்டும் கண்ணாடித் தட்டும் ஓரத்தை முந்திக் கருக்கும். 10 டிகிரி குறைக்கவும்.

ஜூன் 18

துண்டு போடுதல். காகிதத்தைத் தட்டின் இரண்டு பக்கமும் தொங்கும்படி விரித்திருந்தால் தூக்க எளிது. இருபது நிமிடம் தட்டில், பிறகு கம்பிவலையில் இரண்டு மணி நேரம். சூட்டில் வெட்டினால் சிப்ஸ் திரவமாக இருப்பதால் கத்தி இழுத்துக்கொண்டு போகும். அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்து, வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் அழுத்தி வெட்டவும். ரம்பம்போல் அறுக்க வேண்டாம். 5 செ.மீ. அளவில் 16 துண்டு.

ஜூன் 21

முட்டை இல்லாமல். தயிர் 60 கிராம் போட்டது பஞ்சாகிவிட்டது, நிராகரிக்கலாம். ஆளி விதைப்பொடி ஒன்றரை டேபிள்ஸ்பூனை நான்கு டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்தால் வரும் கொழகொழப்பு நன்றாகப் பிடித்துக்கொண்டது. நிறம் மட்டும் கொஞ்சம் மங்கல்.

பிறவியிலேயே முட்டையும் மைதாவும் இல்லாதது வேண்டுமானால் இங்கிலாந்தின் ஃபிளாப்ஜாக் இருக்கிறது. (அமெரிக்காவில் இதே பெயர் பேன்கேக்கைக் குறிக்கும், தேடும்போது கவனம்.) வெண்ணெய் 125, பிரவுன் சுகர் 100, கோல்டன் சிரப் அல்லது தேன் 75 கிராம், மூன்றையும் உருக்கி, ஓட்ஸ் 250 கிராமில் ஊற்றிக் கிளறவும். ஆறியபின் சிப்ஸ் 80 கிராம். டம்ளர் அடியால் நன்றாக அமுக்கி, 170 டிகிரியில் 20 நிமிடம். பிடித்து வைக்க முட்டை இல்லாததால் அமுக்குவதில்தான் எல்லாம்; தளர்வாக விட்டால் கையில் எடுக்கும்போதே உதிரும். சூடாக இருக்கும்போது கத்தியால் கோடு போட்டு, ஆறியபின் அந்தக் கோட்டில் உடைக்கவும்.

ஜூன் 24

காற்றுப் புகாத டப்பாவில், அடுக்குக்கு அடுக்கு காகிதம் வைத்து நான்கைந்து நாள். சுட்ட அன்றைவிட மறுநாள் ஜவ்வு கூடும். ஓட்ஸும் ஈரமும் அதற்குள் சமப்பட்டுவிடுகின்றன. விருந்துக்கு என்றால் முந்தின நாள் சுடுங்கள். பிரீசரில் தனித்தனியாகச் சுற்றி வைத்தால் இரண்டு மாதம் தாங்கும். எடுத்தபின் டப்பாவைத் திறக்காமலே அறைச் சூட்டுக்கு வர விட வேண்டும், அப்போதுதான் வியர்வை டப்பாவின் வெளியே நிற்கும்.

காய்ந்துபோன துண்டுகளோடு ஒரு ரொட்டித் துண்டை டப்பாவில் போட்டு இரவு முழுக்க மூடி வைத்தால் கொஞ்சம் இளகும்.

33க்கு 23 செ.மீ. தட்டில் இரட்டை அளவு சுடலாம். முட்டை 2, மஞ்சள் கரு 2, சோடா அரை டீஸ்பூன், நேரம் 28 முதல் 30 நிமிடம். 25இலிருந்தே அந்த மினுக்கத்தைக் கவனிக்கத் தொடங்கவும்.