நடுப்பக்கங்களை விட்டுவிடாதீர்கள்

குழந்தைகளுக்கான பேரிடர் புத்தகம் எது கையில் கிடைத்தாலும் நான் நடுப்பக்கங்களைத்தான் முதலில் பார்ப்பேன். தொடக்கத்தில் எரிமலை வெடிக்கும், கடைசியில் மான்கள் மேயும். நடுவில் என்ன நடந்தது என்று சொல்லியிருந்தால்தான் மகளுக்கு வாங்குவேன். அவளுக்கு எட்டு வயது. "இயற்கை மீண்டு வந்தது" என்று ஒரே வரியில் முடித்தால் "எப்படிம்மா?" என்பாள். சரியான கேள்வி!

அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1980 மே 18, காலை 8.32-க்கு வெடித்தது. 57 பேர் இறந்தார்கள், மலையின் உயரமே சுமார் 400 மீட்டர் குறைந்துபோனது. இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். ஆனால் வெடித்தது காலையில் என்பதால், இரவில் இரை தேடும் சிறு பிராணிகள் பல வளைக்குத் திரும்பியிருந்தன என்று எத்தனை புத்தகம் சொல்கிறது? மே மாதத்திலும் மேட்டுப் பகுதிகளில் பனி உருகாமல் கிடந்தது. அதற்கு அடியில் இருந்த செடிகள் பிழைத்தன. கோஃபர் என்று ஒரு கொறிவிலங்கு, பெரும்பாலும் மண்ணுக்குள்ளேயே வாழ்வது. தப்பிப் பிழைத்த கோஃபர்கள் வளை தோண்டித் தோண்டி, சாம்பலுக்கு அடியில் புதைந்த பழைய மண்ணை மேலே தள்ளின. அந்த மண்ணில் விதைகள் முளைத்தன. வெறும் நுரைக்கல்லாகக் கிடந்த இடத்தில் முதலில் வேர்விட்ட செடிகளில் ஒன்று லூபின். அவரைக் குடும்பத்துச் செடி அது. வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் சத்தில்லாத தரையிலும் தாக்குப்பிடித்தது. நைட்ரஜன் என்றதும் "குழந்தைக்குப் புரியாது" என்று வெட்டிவிடுகிறார்கள். புரிகிறது, நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாமே மீண்டுவிடும் என்று முடிப்பதும் எனக்குச் சம்மதமில்லை. 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் பாறையில் மோதி, சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. கரை மணலுக்குள் இறங்கிய எண்ணெய் பல ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டது. மட்டிக்காக அதே மணலைத் தோண்டுகிறவை கடல் நீர்நாய்கள். அதனால் அவற்றின் எண்ணிக்கை பழைய நிலையை எட்டவே ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆனது. அதே கடலில் ஓர்க்கா திமிங்கிலக் கூட்டம் ஒன்று இருந்தது, மொத்தம் 22. எண்ணெய் கொட்டிய பிறகு அவற்றில் பல காணாமல்போயின. அதன்பின் அந்தக் கூட்டத்தில் ஒரு குட்டிகூட வளர்ந்து சேரவில்லை.

இதைப் படித்துக் காட்டியபோது மகள் வருத்தப்பட்டாள். அப்புறம், ஒவ்வொரு திமிங்கிலத்தையும் எப்படி அடையாளம் வைத்து எண்ணினார்கள் என்று கேட்டாள். முதுகுத் துடுப்பின் வடிவத்தையும் அதன் பின்னாலுள்ள வெளிர் திட்டையும் படம்பிடித்து ஒப்பிடுகிறார்கள். எழுதுகிறவர்களே, அந்தப் படங்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். பிள்ளைகள் தாங்களே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.