எந்தக் கட்டி, எந்த இடத்தில்?

எனக்கு 46 வயது. மாதவிடாய் நாட்களில் இரவில் இரண்டு முறை எழுந்து நாப்கின் மாற்றுவதும், படுக்கை விரிப்பின்மேல் பழைய துண்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு படுப்பதும் ஒன்றரை ஆண்டுகளாகப் பழகிப்போயிருந்தன. மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று கைப்பிடியைப் பற்றிக்கொள்ள வேண்டிய நிலை வந்த பிறகுதான் மருத்துவரிடம் போனேன். ஹீமோகுளோபின் 7.8 என்று வந்தது. 12-க்குக் குறைந்தாலே ரத்தச்சோகைதான். அந்த அளவோடு அலுவலகம், சமையல், துணி துவைத்தல் எல்லாவற்றையும் எப்படிச் செய்துகொண்டிருந்தேன் என்று இப்போது யோசித்தால் வியப்பைவிட எரிச்சல்தான் அதிகம் வருகிறது.

ஸ்கேன் எடுத்தார்கள். அறிக்கையில் இரண்டு செய்திகள். கர்ப்பப்பையில் 3 செ.மீ. ஃபைப்ராய்டு ஒன்று, அதாவது தசையில் வளரும் புற்றல்லாத கட்டி. வலது சினைப்பையில் 7 செ.மீ. கட்டி ஒன்று, அதற்குள் தடுப்புச் சுவரும் திடப்பகுதியும் தெரிகின்றன. ‘திடப்பகுதி’ என்ற சொல்லில் கண் நின்றுவிட்டது. அதற்கு மேலே இருந்த ஃபைப்ராய்டு வரியை நான் சரியாகப் படிக்கக்கூட இல்லை. ஒன்றரை ஆண்டாக என்னைப் படுத்திக்கொண்டிருந்தது அந்த 3 செ.மீ. ஆள்தான் என்பது எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியவந்தது.

நம் மொழியில் ‘கட்டி’ என்ற ஒரே சொல் எத்தனை சுமையைத் தூக்குகிறது என்பதை அந்த நாட்களில்தான் கவனித்தேன். செய்தியைக் கேட்டவர்களில் பாதிப் பேர் முகம் வெளிறினார்கள். மீதிப் பேர், “நீர்க்கட்டிதானே, என் மகளுக்கும் இருக்கிறது, எடையைக் குறைத்தால் போய்விடும்” என்றார்கள். அவர்கள் மகளுக்கு இருப்பது கட்டியே அல்ல. பிசிஓஎஸ் என்று சொல்கிறார்களே, அதில் சினைப்பைக்குள் தெரிபவை முழுதாக வளராமல் நின்றுபோன சின்னஞ்சிறு முட்டைப்பைகள். சில மில்லிமீட்டர்தான் இருக்கும். எனக்கு இருந்தது தானாக வளர்கிற, தனக்கென்று உறை உள்ள ஒரு பொருள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு ஒருவருக்கொருவர் ஆலோசனை சொல்லிக்கொள்கிறோம்.

அடுத்து சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனை. சினைப்பைப் புற்றில் ஏறக்கூடிய ஒரு புரதத்தை அளப்பது. முடிவு 84. பெயரிலேயே 125 இருக்கிறதே, அதுவரை போகலாம் போலிருக்கிறது என்று ஒரு மாலை முழுக்க நிம்மதியாக இருந்தேன். பிறகுதான் தாளின் ஓரத்தில் சிறிய எழுத்தில் ‘35-க்குள் இருக்க வேண்டும்’ என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்தேன். அந்த 125 அளவே அல்ல. இந்தப் புரதத்தைக் கண்டுபிடிக்கும் எதிர்ப்பொருளை உருவாக்க 1980-களின் தொடக்கத்தில் ஆய்வுக்கூடத்தில் செய்த முயற்சிகளின் வரிசை எண். அன்றிரவு கைப்பேசியில் தேடித் தேடிப் படித்ததை இங்கே எழுத விரும்பவில்லை. யாரும் அப்படிச் செய்யாதீர்கள் என்று சொன்னாலும் எல்லோரும் செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும்.

முதலில் பார்த்த மருத்துவர் அவசரக்காரர். “குழந்தைகள் பெற்றாகிவிட்டதே, கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிடலாம், தொல்லை விட்டது” என்றார். அதைச் சொல்ல அவருக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் சொன்னது தவறான சிகிச்சை என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு அதுதான் சரி. ஆனால் எந்தக் கட்டி என்று தெரியாமலேயே தீர்வு வந்துவிட்டது. தங்கைதான் பிடிவாதமாக இன்னொருவரிடம் அழைத்துப் போனாள்.

இந்த இரண்டாவது மருத்துவர் அறிக்கைகளைப் புரட்டிவிட்டு என்னைக் கேட்ட முதல் கேள்வி: “ரத்தம் எந்த நாளில் கொடுத்தீர்கள்?” தேதியைச் சொன்னேன். “மாதவிடாயின் எத்தனையாவது நாள் என்று கேட்கிறேன்.” இரண்டாவது நாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார். மாதவிடாயின்போது சிஏ-125 தானாகவே ஏறும் என்றார். ஃபைப்ராய்டு இருந்தால் ஏறலாம். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்சுவர் போன்ற திசு வெளியே வளர்வது), கர்ப்பம், வயிற்றுக்குள் காசநோய் என்று அதை ஏற்றுகிற விஷயங்கள் பல. மறுபக்கம், ஆரம்பக் கட்டப் புற்றுநோயில் கணிசமானவர்களுக்கு இது ஏறாமலும் இருக்கும். மாதவிடாய் நின்ற பெண்களிடம்தான் இந்த எண்ணுக்குக் கூடுதல் மதிப்பு.

பிறகு அறிக்கையின் பின்பக்கத்தில், புற்றாக இருக்கும் ஆபத்தை மதிப்பிடும் ஒரு பெருக்கல் கணக்குப் போட்டுக் காட்டினார். ஸ்கேனில் சந்தேகத்துக்குரிய அடையாளங்கள் இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் 3. மாதவிடாய் நிற்காதவர் என்பதால் 1. நின்றவராக இருந்தால் அங்கேயும் 3. அதோடு சிஏ-125 அளவைப் பெருக்க வேண்டும். 3 × 1 × 84 = 252. பலரும் 200-ஐ எல்லையாக வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் புற்றுநோய் அறுவை செய்பவரிடம் அனுப்புவார்கள். “இந்தக் கணக்கில் இரண்டு எண்கள்மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இரண்டையும் மறுபடி பார்த்துவிடுவோம்” என்றார். மாதவிடாய் முடிந்து ஒரு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தேன். 31 வந்தது.

மறு ஸ்கேனை, பெண்களின் உறுப்புகளை மட்டுமே நாள் முழுக்கப் பார்க்கும் ஒரு நிபுணர் எடுத்தார். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன். கூச்சமாகத்தான் இருந்தது, முதல் இரண்டு நிமிடம் மட்டும். முதல்முறை வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைவிட இது எவ்வளவோ மேல், சிறுநீர் கழித்துவிட்டே படுக்கலாம். அவர் திரையை என் பக்கம் திருப்பினார். கறுப்பு வட்டத்துக்குள் மெல்லிய வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும் சிதறிக் கிடந்தன. “இவை என்ன தெரியுமா? முடி.” ஒரு மூலையில் பளிச்சென்று வெள்ளையாக ஒரு திரள்; அதற்குக் கீழே எல்லாம் இருட்டு. முதல் அறிக்கையில் திடப்பகுதி என்று எழுதியிருந்தது அதைத்தான். கொழுப்பும் முடியும் உருண்டு சேர்ந்த பந்து அது, ஒலியை விழுங்கி நிழல் போடுகிறது என்றார். தடுப்புச் சுவர் என்று எழுதப்பட்டதும் முடிக்கோடுதான்.

டெர்மாய்டு. முட்டையாகப் போக வேண்டிய செல் ஒன்று வழிதவறித் தன்பாட்டுக்கு வளரத் தொடங்கினால் இப்படி ஆகுமாம். எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய செல் என்பதால் தோல், முடி, கொழுப்பு, சில நேரம் பல்கூட உருவாகும். பெரும்பாலும் தீங்கற்றது, புற்றாக மாறுவது மிக அரிது. உறுதிக்காக எம்ஆர்ஐ எடுத்தோம். அதில் கொழுப்பின் ஒளியை மட்டும் அணைத்துப் படம் எடுக்க ஒரு முறை இருக்கிறது. சாதாரணப் படத்தில் வெள்ளையாக இருந்த கட்டி, அந்தப் படத்தில் கறுத்துப்போயிருந்தது. உள்ளே இருப்பது கொழுப்புதான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. எனக்கு அந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான் எந்த ஆறுதல் வார்த்தையையும்விடத் தெம்பு கொடுத்தது.

இப்போது ஃபைப்ராய்டு கதை. இதில் அளவைவிட இடம்தான் முக்கியம். கர்ப்பப்பையின் வெளிப்புறம் வளர்ந்தால் பெரிதாகும்வரை தெரியாது. பெரிதான பின் சிறுநீர்ப்பையை அழுத்தும். தசைக்குள் இருந்தால் ஒரு மாதிரி. உட்குழிக்குள் எட்டிப் பார்த்தால் சிறியதுகூட ரத்தத்தைக் கொட்டவைக்கும். என்னுடையது கடைசி வகை. ஆனாலும் பழியை ஃபைப்ராய்டின்மேல் மட்டும் போட்டுவிட முடியாது என்று உட்சுவரிலிருந்து பயாப்சி, அதாவது பரிசோதனைக்குத் துளித் திசு, எடுத்தார். 45 வயதுக்கு மேல் இப்படி ரத்தப்போக்கு இருந்தால் உட்சுவரில் புற்றோ அதற்கு முந்தைய நிலையோ இல்லை என்று பார்த்துவிட வேண்டுமாம். மெல்லிய குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி எடுக்கிறார்கள். ஒரு நிமிடத்துக்கும் குறைவான வேலைதான், ஆனால் அந்த ஒரு நிமிடம் பிரசவ வலியின் தங்கைதான். முன்கூட்டி வலி மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

பயாப்சி முடிவுக்குக் காத்திருந்த பத்து நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. முடிவு நல்லபடியாக வந்தது.

அறுவை சிகிச்சைக்கு முன் ஹீமோகுளோபினைக் கூட்ட வேண்டியிருந்தது. நரம்பு வழியாக இரும்புச்சத்து, மாதவிடாய் நாட்களில் மட்டும் ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமில மாத்திரை. இரண்டு மாதத்தில் ஹீமோகுளோபின் 11-ஐத் தொட்டது. இடையில் ஒரு எச்சரிக்கை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்: திடீரென்று ஒரு பக்கம் தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது. கனமான கட்டியோடு சினைப்பை முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். டெர்மாய்டு அதற்குப் பெயர் பெற்றது. அந்த இரண்டு மாதமும் கைப்பையில் மருத்துவமனை எண்ணை எழுதி வைத்திருந்தேன். தேவைப்படவில்லை.

எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் நிறையப் பேசினோம். மாதவிடாய் நிற்பதற்கு முன் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால் உடல் மறுநாளே மாதவிடாய் நின்ற நிலைக்குத் தள்ளப்படும். எலும்பு தேய்வதும் இதயத்துக்கு ஆபத்து கூடுவதும் சீக்கிரமே தொடங்கும். எங்கள் குடும்பத்தில் மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ யாருக்கும் இல்லை. இருந்திருந்தால் அந்தப் புற்றுகளின் ஆபத்து பரம்பரையாக வருகிறதா என்று பார்க்கும் பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை பற்றிப் பேசியிருப்போம், முடிவும் வேறாக இருந்திருக்கலாம் என்றார். கடைசியில் டெர்மாய்டை மட்டும் லேப்பராஸ்கோப்பியில் (வயிற்றில் சிறு துளைகள் வழியாக) உரித்தெடுப்பது, ஃபைப்ராய்டை ஹிஸ்டரோஸ்கோப்பியில் (பிறப்புறுப்பு வழியாகக் கருவியை விட்டு), வயிற்றில் கத்தி படாமல் சீவி எடுப்பது என்று ஒரே மயக்கத்தில் இரண்டு வேலைக்கு ஒப்புக்கொண்டேன். உள்ளே எதிர்பாராதது தெரிந்தால் உறைநிலைப் பரிசோதனைக்கு (திசுவை உறையவைத்து உடனே பார்ப்பது) அனுப்பி அங்கேயே முடிவெடுக்கவும் கையெழுத்து வாங்கினார். கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது.

கட்டியைப் பைக்குள் போட்டு வெளியே எடுத்ததாகப் பிறகு சொன்னார். டெர்மாய்டு உள்ளே உடைந்து கொழுப்பு சிந்தினால் வயிறு முழுக்க எரிச்சலூட்டும் அழற்சி வர வாய்ப்பிருக்கிறது. எனக்குத் தோள்பட்டை வலித்ததுதான் புதிராக இருந்தது. லேப்பராஸ்கோப்பிக்கு வயிற்றை ஊதிய வாயுவின் மிச்சம், மூன்று நாளில் போய்விடும் என்றார் செவிலியர். போய்விட்டது.

பக்கத்துப் படுக்கையில் 61 வயது அம்மா ஒருவர். மாதவிடாய் நின்று பத்தாண்டு கழித்து உள்ளாடையில் ஒரு பொட்டு ரத்தம் பார்த்திருக்கிறார். மறுநாளே மருத்துவரிடம் போயிருக்கிறார். ஸ்கேனில் உட்சுவரின் தடிமன் அந்த வயதுக்கு உரிய 4 மி.மீ. எல்லையைத் தாண்டியிருந்தது; பயாப்சியில் புற்று. ஆரம்பக் கட்டத்திலேயே பிடித்துவிட்டதால் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்தார்கள். “ஒரு பொட்டுதான் கண்ணு, ஒரே பொட்டு” என்று விரல் நுனியைக் காட்டினார். ஒன்றரை ஆண்டு துண்டு விரித்துப் படுத்தவள் நான், அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

நுண்ணோக்கி அறிக்கை இரண்டு வாரத்தில் வந்தது. ஃபைப்ராய்டு என்று ஸ்கேனில் தெரிவது அரிதாகச் சார்கோமா என்ற புற்றாக இருந்துவிடுவது உண்டு. அதை நூற்றுக்கு நூறு உறுதிசெய்வது இந்தத் தாள்தான் என்பதால் மருத்துவரும் வாசிக்கும்வரை எதுவும் பேசவில்லை. அப்படி ஒன்றுமில்லை. சினைப்பைக் கட்டியில் தோல், முடி, கொழுப்புச் சுரப்பி, ஒரு துணுக்குக் குருத்தெலும்பு. பல் இல்லை. என் மகளுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்.

ஆறு மாதம் கழித்து ஸ்கேனுக்குப் போனேன். இரண்டு சினைப்பைகளும் சுத்தம். டெர்மாய்டு மறுபக்கமும் வரக்கூடியது என்பதால் அதைத்தான் முதலில் பார்த்தார். பிறகு ஸ்கேன் கருவியை அங்கேயே நிறுத்தி, “தசைக்குள் ஒரு புது ஃபைப்ராய்டு, 1 செ.மீ. இருக்கும்” என்றார். உட்குழியைத் தொடுகிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். “அப்படியென்றால் இருந்துவிட்டுப் போகட்டும்” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த ஸ்கேனுக்கு ஒரு வருடம் கழித்துத் தேதி எழுதிக் கொடுத்தார்.