கேடன்ஸ் சென்சார் பொருத்தப் போய் நான்கு மாலைகளை இழந்த அனுபவம்

கனமான கியரில் மெதுவாக அழுத்தி மிதிக்கும் பழக்கம் என் முழங்காலைப் பதம் பார்த்துவிட்ட பிறகுதான், நிமிடத்துக்கு எத்தனை சுற்று மிதிக்கிறேன் என்பதை ஊகிக்காமல் எண்ணாகவே பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் வந்தது. நெடுந்தொலைவு ஓட்டிப் பழகியவர்களில் பலர் சமதரையில் 80 முதல் 100 சுற்று வரை வைத்துக்கொள்வார்கள். நான் எங்கே நிற்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. இந்தச் சுற்று வேகத்தை (கேடன்ஸ்) அளக்கும் சென்சார் ஒன்றை வாங்கினேன். பொருத்துவதற்கு ஒரு மாலை போதும் என்று நினைத்தேன். நான்கு மாலைகள் போயின. அவற்றில் இரண்டைத் தின்றது ஒரே ஒரு விவரம். பெட்டிக்குள் இருந்த தாளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதை இப்போது நினைத்தாலும் மனம் ஆறவில்லை.

முன்பு என்னிடம் இருந்தது காந்தம் வைத்த பழைய வகை. கிராங்கில், அதாவது மிதியைத் தாங்கிச் சுழலும் கரத்தில், காந்தத்தையும், பின்சக்கரத்தை நோக்கிச் செல்லும் கீழ்த்தண்டில் சென்சாரையும் கட்டி, இரண்டுக்கும் இடையில் சில மில்லிமீட்டர் இடைவெளி மட்டும் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்; மோசமான சாலையில் ஒருமுறை போய்வந்தால் அந்த இடைவெளி மாறி, எண்ணிக்கை நின்றுவிடும். ஆகையால் இம்முறை காந்தம் தேவைப்படாத வகையைத் தேர்ந்தெடுத்தேன். இடது கிராங்கின் உட்புறத்தில் ரப்பர் வளையத்தால் கட்டிவிட்டால், சுழற்சியை அதுவே உணர்ந்து எண்ணிக்கொள்ளும்.

கட்டுவது உண்மையிலேயே ஒரு நிமிட வேலைதான். ஆனால் கட்டுவதற்கு முன் இடைவெளியை அளந்திருக்க வேண்டும், நான் அளக்கவில்லை. கையால் கிராங்கை ஒரு சுற்று சுற்றியபோது எதிலும் படவில்லை என்பதால் நம்பிக்கையோடு கிளம்பினேன். முதல் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தபோது கரகரவென்று ஓசை கேட்டது. முழு எடையும் மிதியில் இறங்கும்போது கிராங்கும் சட்டமும் சற்றே வளையும். கையால் சுற்றும்போது இருந்த மெல்லிய இடைவெளி அந்த நேரத்தில் இருக்காது. இறங்கிப் பார்த்தபோது கீழ்த்தண்டின் பெயின்ட்டில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல் விழுந்திருந்தது. இனிப் பொருத்துபவர்கள் முதலில் அட்டையைச் சென்சாரின் கனத்துக்கு மடித்து, கிராங்குக்கும் தண்டுக்கும் இடையில் நுழைத்துப் பாருங்கள். பொருத்திய பின் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, கிராங்க் தண்டுக்கு நேராக நிற்கும் நிலையில் இரண்டு மிதிகளின் மேலும் ஏறி நின்று அழுத்திப் பாருங்கள். என் வண்டியில் சென்சாரை அச்சுப் பக்கமாக இரண்டு விரல்கடை நகர்த்தியதும் உரசல் நின்றது. மிதிக்கு அருகில் வைத்தால் காலணியின் குதிகாலும் வந்து இடிக்கும் என்பதால், எப்படியும் அந்த முனை உகந்ததல்ல. பெட்டியில் இரண்டு அளவு வளையங்கள் இருந்தால், நன்றாக இழுத்து மாட்ட வேண்டியிருக்கும் சிறியதையே எடுங்கள்.

அடுத்தது கைப்பேசியோடு இணைக்கும் கட்டம். வேறு புளூடூத் கருவிகளை இணைக்கும் பழக்கத்தில், கைப்பேசியின் அமைப்புகளுக்குள் போய் அங்கேயே இணைத்துவிட்டேன். அதன் பிறகு சைக்கிள் செயலி எவ்வளவு தேடியும் சென்சார் தென்படவில்லை. இத்தகைய சென்சார்களில் பல, புளூடூத் வழியாக ஒரு நேரத்தில் ஒரு கருவியோடுதான் பேசும் (சைக்கிள் கணினிகள் பயன்படுத்தும் ஆன்ட் பிளஸ் என்ற இன்னொரு கம்பியில்லா முறையில் அனுப்பும்போது இந்தக் கட்டுப்பாடு இல்லை). அமைப்புகளில் இருந்த இணைப்பை அழித்து, செயலிக்கு இருப்பிட அனுமதியும் கொடுத்து, கிராங்கைச் சுற்றிக்கொண்டே மறுபடி தேடினேன். அசைவில்லாவிட்டால் சென்சார் உறங்கிவிடும் என்பதால் சுற்றிக்கொண்டே தேடுவது முக்கியம். கடைசியில் ‘இணைந்தது’ என்று வந்தது. முதல் மாலை அத்தோடு முடிந்தது.

இணைந்ததே தவிர, மறுநாள் ஓட்டும்போது செயலியில் எண் வர வேண்டிய கேடன்ஸ் கட்டம் காலியாகவே இருந்தது. தயாரிப்பாளரின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். பேட்டரியைக் கழற்றி மறுபடி மாட்டுமாறு ஒற்றை வரியில் பதில் வந்தது. அப்படியே செய்தேன், எண் வந்துவிட்டது. மகிழ்ச்சியோடு, மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒருமுறை திறந்து, பேட்டரியை எடுத்துத் துடைத்து மாட்டினேன். அடுத்த மாலை கட்டம் மறுபடியும் காலி. மீண்டும் எழுதியபோது, பேட்டரி தீர்ந்திருக்கலாம், புதியதைப் போடுங்கள் என்றார்கள். சென்சாரில் உள்ள விளக்கு எந்த நிறத்தில் எரிந்தது என்றுகூட அவர்கள் கேட்கவில்லை.

அங்கே நான் ஒரு பிழை செய்தேன். மேசை இழுப்பறையில் இருந்த பட்டன் பேட்டரியை, அகலம் ஒன்றாக இருந்ததால், எண்ணைக் கவனிக்காமல் போட்டுவிட்டேன். சென்சாருக்கு வேண்டியது சி.ஆர். 2032, நான் போட்டது 2025. முதல் இரண்டு இலக்கங்கள் விட்டத்தையும், அடுத்த இரண்டும் கனத்தையும் குறிப்பவை: ஒன்று 3.2 மில்லிமீட்டர், மற்றது 2.5 மில்லிமீட்டர். அந்த 0.7 மில்லிமீட்டர் குறைவால், சக்கரம் குழியில் இறங்கும்போதெல்லாம் பேட்டரி தகட்டை விட்டு விலகியது. எண் மறையும், சில சமயம் திரும்பி வரும், சில சமயம் வரவே வராது. சென்சாரே பழுது என்று முடிவு செய்து, திருப்பி அனுப்புவதற்காகப் பெட்டியைக்கூடத் தேடி எடுத்துவிட்டேன்.

நான்காம் மாலை, சரியான பேட்டரியைப் போட்டு, கடைசி முயற்சியாக வண்டியைச் சுவரில் சாய்த்து வைத்து, மிதியைப் பின்பக்கமாகச் சுற்றினேன். கேடன்ஸ் கட்டம் காலி. ஆனால் பின்சக்கரம் அசையாமல் நிற்க, செயலியின் வேகக் கட்டத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் என்று வந்தது. கையை நிறுத்தினால் சுழியம்; சுற்றினால் மறுபடியும் 10. அப்போதுதான் புரிந்தது. ஒரே சென்சாரை வேகத்துக்கும் கேடன்ஸுக்கும் பயன்படும்படி செய்து விற்கிறார்கள்; சக்கரத்தின் நடுக்குடத்தில் கட்டினால் வேகம், கிராங்கில் கட்டினால் கேடன்ஸ். எந்த முறையில் இயங்க வேண்டும் என்பதை மாற்றும் வழி பேட்டரியைக் கழற்றி மாட்டுவதுதான். என்னுடைய சென்சார் வேக முறையில் இருந்தது. கிராங்கின் ஒவ்வொரு சுற்றையும் சக்கரத்தின் சுற்றாக எண்ணிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு 80 சுற்று, சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர்: பெருக்கினால் 168 மீட்டர், அதாவது மணிக்குப் பத்துக் கிலோமீட்டர். கணக்கு அப்படியே பொருந்தியது.

அத்தனை குழப்பமும் ஒரே நொடியில் விளங்கியது. முதல் பதிலைப் படித்துப் பேட்டரியை மாட்டியபோது முறை மாறியதால் எண் வந்தது. நான் அக்கறையோடு துடைத்து மாட்டியபோது மறுபடியும் மாறியதால் மறைந்தது. தளர்ந்த பேட்டரி குழியில் துள்ளியபோதெல்லாம் முறை தானாகவே மாறிமாறிப் போயிருக்கிறது. பழுது பார்ப்பதாக நினைத்து நான் செய்த ஒவ்வொன்றும் நாணயத்தைச் சுண்டிவிட்டது போலத்தான் வேலை செய்திருக்கிறது. பேட்டரியை மாட்டியதும் எரியும் விளக்கின் நிறம் முறைக்கு ஏற்ப வேறுபடுகிறது என்பதையும் அதன் பிறகே கவனித்தேன். இந்த ஒரு செய்தியை அந்தத் தாளில் அச்சிட்டிருந்தால் போதும். பழுதில்லாத எத்தனையோ சென்சார்கள் திருப்பி அனுப்பப்படாமல் தப்பிக்கும்.

பேட்டரியை ஒருமுறை கழற்றி மாட்டினேன். விளக்கின் நிறம் மாறியது, செயலியில் பழைய இணைப்பை நீக்கிவிட்டுப் புதிதாகத் தேடினேன், மிதியைச் சுற்றினேன்: 74, 78, 81.

மறுநாள் காலை ஓட்டியபோது, விரைவாக மிதிக்கிறேன் என்று நான் நம்பிக்கொண்டிருந்த சமதரையில் 66 என்றும், என் முழங்கால் வலிக்கத் தொடங்கும் அந்த ஏற்றத்தில் 52 என்றும் காட்டியது. இரண்டு கியர் இறக்கி 70-க்குக் கொண்டுவந்தபோது ஏற்றம் முடியும்வரை வலி தலைகாட்டவில்லை. வீடு திரும்பியதும் ஒரு சிறு தாளில், ‘2032 மட்டுமே. மாட்டியபின் மிதியைப் பின்னால் சுற்று. வேகம் காட்டினால் இன்னொரு முறை கழற்றி மாட்டு’ என்று எழுதி, பஞ்சர் ஒட்டும் பொருட்கள் வைத்திருக்கும் பையின் உள்மூடியில் ஒட்டிவைத்திருக்கிறேன்.