அந்தப் பிறை நிஜமா?

இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் "மைக்ராஸ்கோப்பில் படம் எடுக்கிறேன்" என்பேன். அது பாதி உண்மைதான். வெளிச்சம் எங்கே கூடுதல், எங்கே குறைவு என்பதை மட்டுமே கேமரா பதியும். ஒளியலை எவ்வளவு பிந்தி வந்தது என்பதை அது பதியாது. சாயம் ஏற்றாத செல் கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி. ஒளியைத் தடுக்காது, கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். கேமரா கோட்டைவிட்ட அந்தத் தாமதத்தைக் கணக்குப் போட்டு மீட்பதுதான் எங்கள் தொழில்.

நாங்கள் வைத்திருப்பது 2013-ல் வெளியான ஃபூரியர் டைக்கோகிராஃபி முறை. உருப்பெருக்கம் குறைந்த ஒரு லென்ஸ், ஸ்லைடுக்குக் கீழே சின்னச் சின்ன எல்இடிகள் பதித்த தட்டு. எல்இடிகள் ஒவ்வொன்றாக எரியும். ஒவ்வொன்றும் வேறு கோணத்திலிருந்து ஒளி பாய்ச்சுவதால், வழக்கமாக லென்ஸுக்குள் வராமல் தப்பிப்போகும் நுண்விவரங்களும் உள்ளே வந்துவிடும். அடுத்தடுத்த எல்இடிகள் தரும் தகவல் ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். அப்போதுதான் கணினி ஊகித்து, திருத்தி, மறுபடி ஊகித்து ஒரு முடிவுக்கு வரும்.

ஒருநாள் என் மாணவி, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிப் பெண், ரத்தச் செல்களின் படத்தைத் திரையில் போட்டுவிட்டு, "அக்கா, இந்தப் பிறை நிஜமா?" என்று கேட்டாள். ஒவ்வொரு செல்லின் ஓரத்திலும் மெல்லிய வெளிச்சப் பிறை, எல்லாம் ஒரே பக்கம் பார்த்து. நம்பிவிடத் தோன்றும் அழகு. "ஸ்லைடைக் கால்வட்டம் திருப்பி மறுபடி எடும்மா" என்றேன். செல்கள் திரும்பின, பிறைகள் பழைய பக்கமே பார்த்தன. அப்படியென்றால் அவை செல்லுக்குச் சொந்தமில்லை. எல்இடி தட்டு கணினிக்குச் சொல்லியிருந்த இடத்திலிருந்து மயிரிழை விலகியிருந்தது. உண்மையான இடத்தைக் கணித்துக் கொடுத்ததும் பிறைகள் மறைந்தன. சொல்லாமலே கேட்கத் தெரிந்த மாணவி கிடைப்பது பெரிய கொடுப்பினை.

இந்த நாட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு பரம்பரை உண்டு. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த ஆலன் கார்மக், சி.டி. ஸ்கேனின் கணக்கைப் போட்டவர். 1979-ல், அந்த ஸ்கேனரை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டுடன் நோபல் பரிசு பெற்றார். 1957-ல் கேப் டவுனில், மரவளையத்துக்குள் அலுமினிய உருளையை வைத்து, காமா கதிர் பாய்ச்சி அளந்தார். நடுவில் இருந்த மூன்று அளவீட்டுப் புள்ளிகள் மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் சற்றே விலகி நின்றன. பட்டறையில் விசாரித்தால், உருளைக்கு நடுவே கதிரைக் கொஞ்சம் குறைவாக உறிஞ்சும் ஒரு முளை செருகப்பட்டிருந்தது! அளவைப் பிழை என்று அந்தப் புள்ளிகளை ஒதுக்கிவிடாமல் விசாரித்தாரே, அதற்காகவே எனக்கு அவர்மேல் தனிப் பாசம்.

அன்றாடம் என்றால் இதைவிடச் சாதாரணமானது. டர்பன் கடற்காற்றின் ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். சிலிகா ஜெல் பைகளை மாற்றிக்கொண்டே இருக்கணும். லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்த 2023-ல் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துத்தான் சோதனைகளைத் திட்டமிட்டோம்.

கோயிலில் காய் நறுக்கிக்கொண்டே ஒரு ஆயா கேட்டார்: "கம்ப்யூட்டர் போட்ட படம்னா, டாக்டர் எப்படி நம்புவாரு?" சரியான கேள்வி. இப்போது அது இன்னும் அவசரமாகிவிட்டது. பயிற்சி பெற்ற ஏஐ மாடல்கள் நாலைந்து படங்களை வாங்கிக்கொண்டே முழுப்படம் தந்துவிடுகின்றன. விட்டுப்போனதை, முன்பு பார்த்ததை வைத்து நிரப்புகின்றன. காசநோய் இவ்வளவு பரவியிருக்கும் நாட்டில், மாடல் பார்த்தே இராத ஒரு செல் பழக்கமான செல்லாக மாறி வந்தால் யாருக்குத் தெரியும்? சீரான உருளைகளை மட்டுமே பார்த்துப் பழகிய மாடலாக இருந்தால், கார்மக்கின் முளையையும் அழித்துச் சீராக்கியிருக்கும்.

மாடல்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; வேகம் எங்களுக்கும் தேவை. அதனால், மாடல் தந்த படத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, ஒவ்வொரு எல்இடிக்கும் கேமரா எதைப் பதிந்திருக்க வேண்டும் என்று பார்த்து, உண்மையில் பதிந்ததோடு ஒப்பிடுகிறோம். இந்தச் சோதனை எல்லாத் தவறையும் பிடித்துவிடாது. ஆனால் ஒத்துப்போகாத இடங்கள் சிவப்பில் தெரியும். அந்தச் சிவப்பு வரைபடம் இல்லாமல் எந்தப் படமும் எங்கள் ஆய்வகத்தை விட்டு வெளியே போவதில்லை.