மீன் சந்தையும் இடிந்த வளைவும்

எண்ணெய் வண்ணம் கற்க ஆரம்பித்தால் ஒரு கிண்ணத்தையும் நாலு பழங்களையும் எதிரே வைத்து வரையச் சொல்வார்கள். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. ஹூபெர் ரொபேர் வரைந்த ரோம் நகர மீன் சந்தையைப் பார்த்துப் பிரதி எடுக்க உட்கார்ந்துவிட்டேன்.

ரொபேர் பிரெஞ்சுக்காரர். 1754இல் ரோமுக்குப் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் அங்கேயே இடிபாடுகளை வரைந்துகொண்டிருந்தவர். அப்போது ஆக்டேவியா மண்டபம் என்ற பழைய ரோமானியத் தூண் மண்டபத்தின் இடிபாட்டுக்குள்தான் நகரத்து மீன் சந்தை நடந்தது. அங்கே ஒரு கல்வெட்டு உண்டு. அதில் குறித்த நீளத்துக்கு மேல் மீன் பிடிபட்டால், தலையை முதல் துடுப்பு வரை வெட்டி நகர நிர்வாகிகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று லத்தீனில் பொறித்திருக்கிறது. நல்ல பகுதி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள்!

சரி, வேலைக்கு வருவோம். அச்சுப் படத்திலும் கான்வாஸிலும் ஒரே விகிதத்தில் கட்டம் போட்டேன். அப்புறம் அம்பர் என்ற பழுப்பு மண் வண்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து முழுக்கப் பூசி, வெளிச்சம் விழும் இடங்களைத் துணியால் துடைத்து எடுத்தேன். அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் காயும். அடுத்த பூச்சுக்கு ரொம்பக் காத்திருக்க வேண்டாம். அடுத்தடுத்த பூச்சுகளில் எண்ணெய் கூடிக்கொண்டே போக வேண்டும். அடியில் எண்ணெய் அதிகமாகி மேலே குறைந்தால் பின்னால் வெடிப்பு விடும்.

இந்தப் படம் கற்றுக்கொடுப்பதெல்லாம் கூட்டத்தில்தான் இருக்கிறது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ஆட்கள் மறைந்துபோய்ச் சில கறுத்த திட்டுகளும் அவற்றின் நடுவே வெளிச்சமான ஒரு பள்ளமும் மிஞ்சுகின்றன. அந்தத் திட்டுகள் சரியாக அமைந்துவிட்டால் சந்தை பாதி வந்துவிட்டது. பெரிதாக்கிப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. ஒரு பெண்ணின் முகம் என்று நாம் நம்புவது காவியில் ஒரே ஒரு தொடல். தலைத்துணிக்கு வெள்ளையில் ஒரு இழுப்பு, தோளுக்கு ஒரு நிழல், அவ்வளவுதான். கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. கால்கள் பெரும்பாலும் நிழலோடு போய்விடுகின்றன. ஆனாலும் அவள் குனிந்து பேரம் பேசுகிறாள் என்பது முதுகின் சாய்விலேயே தெரிகிறது. முகத்தை விட்டுவிட்டு முதுகுகளையே படித்தால் போதும் என்பது என் கட்சி.

கல்லுக்கு இது எதுவும் பொருந்தாது. மண்டபத்து வளைவின் அடிப்பக்கத்து இருட்டுக்கு டியூபில் வரும் கறுப்பு வேண்டாம், செத்துப்போகும். அம்பரோடு அல்ட்ராமரின் நீலம் கலந்தால் இருட்டுக்குள்ளும் காற்று இருக்கும். அது காய்ந்த பிறகு, கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷில் வெளிர்காவியைத் தொட்டு லேசாக உரசினால் கான்வாஸின் மேடுகளில் மட்டும் வண்ணம் ஒட்டி, அரித்துப்போன செங்கல் தானாக வருகிறது. கல்லுக்குப் பொறுமை வேண்டும், ஆட்களுக்கு வேகம் வேண்டும். காய்ந்த கல்லின் மேல் ஆட்களைப் போடுவதில் ஒரு சௌகரியம், பிடிக்காத ஆளைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி போடலாம்.

பிரதி எடுப்பதை மட்டமாகப் பேசுபவர்கள் உண்டு. ரொபேர் பின்னாளில் ஓவியங்களுக்குப் பொறுப்பாளராக இருந்த பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இன்றைக்கும் அனுமதி வாங்கிப் பிரதி எடுக்கிறார்கள். அசல் அளவிலேயே வரையக் கூடாது என்பது மட்டும் அங்கே விதி.

இப்போது மிச்சம் இருப்பவர்கள் தூணடியில் நிற்கும் சின்ன ஆட்கள். அச்சுப் படத்தில் அவர்களைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தேன். அவ்வளவு பெரிய வளைவு சாதாரண வீட்டு வாசலாகச் சுருங்கிப்போனது. வளைவின் உயரத்தைச் சொல்வதே அவர்கள்தான். அடியில் இருக்கும் பூச்சு காயட்டும், போட்டுவிடுகிறேன்.