தொன் ரமோனைப் பிடிக்காதவர் உண்டா?

மெக்சிகோவின் ‘எல் சாவோ தெல் ஓச்சோ’ டிவி நகைச்சுவைத் தொடரில் பதினான்கு மாத வாடகை பாக்கியோடு வீட்டுக்காரரைக் கண்டாலே ஓடி ஒளிவாரே, ஒல்லியாய், பழைய ஜீன்ஸும் தொப்பியுமாய், அவர்தான் தொன் ரமோன். அந்த வேடத்தில் நடித்தவர் ரமோன் வால்தேஸ்.

1923-ல் பிறந்தவர். அண்ணன் ஹெர்மன் அங்கே ‘தின் தான்’ என்ற பெயரில் பெரிய சினிமா நட்சத்திரம், தம்பி மனுவேலும் நகைச்சுவை நடிகர். இவரோ 1949-ல் அண்ணன் படத்தில்தான் தலைகாட்டினார், அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் துண்டு துக்கடா வேடங்கள்தான். ஐம்பதை நெருங்கும்போதுதான் தொன் ரமோன் அமைந்தது!

பக்கத்து வீட்டு தோன்யா ஃப்ளோரிந்தா செய்யாத தப்புக்கு ஒரு அறை விடுவார். இவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்தம்மா போனதும் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்து அதன்மேல் ஏறி மிதிப்பார் பாருங்கள், கன்னம், மீசை, கழுத்து நரம்பு எல்லாம் சேர்ந்து நடிக்கும். அப்புறம் சிறுவன் சாவோ வந்து ஏதோ கேட்டு வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவான். வேலையில்லாத ஏழை அப்பாவின் ரோஷத்தை இவ்வளவு சிரிப்போடு வேறு யாரும் காட்டி நான் பார்த்ததில்லை.

1979-ல் தொடரை விட்டு விலகினார், 1981-ல் கொஞ்ச காலம் திரும்பி வந்தார். 1988 ஆகஸ்டில் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது. 64 வயசுதான். லத்தீன் அமெரிக்காவில் இன்றைக்கும் சுவரோவியங்களிலும் டீஷர்ட்டுகளிலும் இருக்கிறது அந்த முகம். தொடரைப் பார்க்காதவர்கள், அவர் வாடகைக்குச் சாக்கு சொல்லும் காட்சி ஒன்றையாவது தேடிப் பாருங்கள், மொழியே தேவைப்படாது.