"ம்" என்று சொன்னது

"இறங்கட்டோ அண்ணை?" என்று தம்பி கேட்டான். நான் "ம்" என்றேன்.

அந்த "ம்" எதற்கு என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இறங்கு என்பதற்கா, நீ கேட்டது காதில் விழுந்தது என்பதற்கா?

பிரான்சின் வைன் பிரதேசமான பொஜோலேயில் அது எனக்கு நாலாவது அறுவடை, அவனுக்கு முதலாவது. வைன் தொட்டிக்குள் ஆள் ஏன் இறங்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். அங்கே காமே என்ற கறுப்புத் திராட்சையை நசுக்குவதில்லை. கையால் வெட்டிய குலைகளைக் காம்போடு முழுசாகத் தொட்டியில் கொட்டுவோம். பாரம் தாங்காமல் அடியில் கிடக்கும் பழங்கள் உடைந்து, அந்தச் சாறு புளிக்கத் தொடங்கும். அதிலிருந்து கிளம்பும் காபனீரொட்சைட்டு காற்றை வெளியே தள்ளிவிட்டுத் தொட்டியை நிரப்பிவிடும். காற்றில்லாத அந்த இடத்தில் மேலே உள்ள பழங்கள் தோல் உடையாமல், மதுவத்தின் (ஈஸ்ட்) உதவியும் இல்லாமல், தங்களுக்குள்ளேயே நொதிக்கும். ஒவ்வொரு பழத்துக்குள்ளும் ஏறக்குறைய 2 சதவீதம் மதுசாரம் சேரும், புளிப்புக் குறையும். தோலின் துவர்ப்பு அதிகம் இறங்குவதற்குள் எடுத்துவிடுவோம். நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை கடைக்கு வரும் புது வைனுக்கு நாலைந்து நாள் போதும். மோர்கோன், முலன்-ஆ-வோன் போன்ற பகுதிகளின் வைனுக்கு இன்னும் அதிக நாள் விடுவார்கள். அந்த வைனைக் குடிப்பவர்கள் சொல்லும் வாழைப்பழ வாசனை, ஸ்ட்ராபெரி வாசனை, தொண்டையில் இறங்கும் அந்த இலேசு, எல்லாவற்றுக்கும் பின்னால் இந்த வாயு நிற்கிறது.

சாற்றை வடித்த பிறகும் குலைகள் முழுசாகவே கிடக்கும். குழாயில் வராது. ஆள் உள்ளே போய் முள்கரண்டியால் வாரி வெளியே தள்ள வேண்டும், அப்புறம்தான் பிழியலாம். பிழியும்போது இனிப்பாக ஒரு சாறு வரும். அதற்கு அங்கே "பரதி", அதாவது சொர்க்கம், என்று பெயர். அன்று காலை அதைச் சொல்லி அவனுக்கு ஆசை காட்டியது நான்தான்.

உள்ளே மூச்சுவிடக் காற்று இருக்கிறதா என்று மெழுகுதிரி பிடித்துப் பார்த்தேன், எரிந்தது. இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். கீழ்க்கதவு திறந்திருந்தது, சாறு வடிந்துவிட்டது, வாயுவும் போயிருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். காற்றாடி அடுத்த தொட்டியில் ஓடிக்கொண்டிருந்தது. பத்திரோன், அதாவது முதலாளி, பிழிபொறி காத்திருக்கிறது என்று இரண்டு தடவை குரல் கொடுத்துவிட்டார். எல்லாம் உண்மை. ஆனால் திரி அணைவதற்கு முன்பே மனிதனுக்கு மயக்கம் வரலாம் என்பதும் உண்மை. உடையாத பழங்கள் வாயுவை உள்ளே வைத்திருக்கும், மிதிக்க மிதிக்க விடும் என்பதும் உண்மை. நாலு அறுவடை பார்த்தவனுக்கு அது தெரியாதா? தெரியும். அந்த நிமிடத்தில் நினைவுக்கு வரவில்லை என்றால் தெரிந்ததாகக் கணக்கா?

குனிந்து நாலைந்து வாரல்தான் வாரியிருப்பான். அப்படியே உட்கார்ந்துவிட்டான். நான் தலையை உள்ளே நுழைக்கப் போனேன், பத்திரோன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேருமாக வெளியே நின்றபடியே அவன் காலைப் பிடித்து இழுத்தோம். வெளிக்காற்று பட்டதும் கண் திறந்தான். அரைமணி நேரத்தில் தேநீர் குடித்தான். அன்று பின்னேரமே அந்தத் தொட்டியைக் காற்றாடி வைத்து, இரண்டு பேர் கதவடியில் நிற்க, காலி செய்து முடித்தோம். வேலை நிற்கவில்லை. அது சரியா என்றும் எனக்குத் தெரியவில்லை. பழம் காத்திருக்காது என்று அப்போது நானும்தான் சொன்னேன்.

காற்றாடி இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது என்று இப்போது புதிதாக வருகிற பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம், அன்றைக்கும் நான் இப்படிச் சொல்லக்கூடியவனாகத்தான் இருந்தேன் என்ற எண்ணம் வருகிறது.

போன தை மாதம் ஒரு கலியாண வீட்டில் அவனைச் சந்தித்தேன். பக்கத்தில் இருந்தவர்களிடம் என்னைக் காட்டி, "அண்ணை அண்டைக்குப் பொறு எண்டுதான் சொன்னவர், நான்தான் கேக்காமல் இறங்கினனான்" என்றான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் "ம்" என்றேன்.